பதினைந்து நிமிட வியாழன்

என் வானக் குறிப்பேட்டில் ஒரு பக்கம் பல மாதங்கள் என்னை நிம்மதியாக இருக்க விடவில்லை. பக்கத்தின் மேற்பாதியில் ஒரே இரவில் அடுத்தடுத்து வரைந்த இரண்டு வியாழன் படங்கள். கீழே என் கையெழுத்தில் ஒரு வரி: ‘ஆர்த்தோவில் கூர்மை அதிகம், சந்தேகமே இல்லை.’ ஆர்த்தோ என்பது ஒரு பழைய வகை ஐபீஸ், அதாவது தொலைநோக்கியில் நாம் கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ் குழல். ஆனால் ஆர்த்தோவில் பார்த்து வரைந்த படத்தில் இரண்டு பெரிய பட்டைகளும் பெருஞ்சிவப்புப் புள்ளியும் மட்டுமே இருந்தன. மற்ற ஐபீஸில் பார்த்து வரைந்ததில் அவற்றோடு வடக்குப் பட்டையின் ஓரத்திலிருந்து கிளம்பும் நீலச் சாம்பல் இழைகள் மூன்று, தெற்கே ஒரு சின்ன வெள்ளை முட்டை, சிவப்புப் புள்ளிக்குப் பின்னால் கலங்கி ஓடும் பட்டைத் துணுக்குகள் எல்லாம் இருந்தன. எழுதும்போது நான் பொய் சொல்லவில்லை. வரையும்போதும் இல்லாததை வரையவில்லை. கூர்மை குறைவு என்று நானே எழுதிய ஐபீஸில் எப்படி அதிகம் பார்த்தேன்?

ஒரு பக்கத்தை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது என்பது தெரியும். காற்று அந்தப் பதினைந்து நிமிடத்தில் கொஞ்சம் அடங்கியிருக்கலாம். முதல் படத்தில் பழகிய கண் இரண்டாவதில் கூடுதலாகக் கண்டிருக்கலாம். இப்படி எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனாலும் குறிப்பேட்டைத் திறக்கும்போதெல்லாம் விரல் அந்தப் பக்கத்துக்கே போனது. கிரகம் பார்ப்பதற்கு எந்த ஐபீஸ் நல்லது என்பதில் எனக்கு அதுவரை ஓர் உறுதியான கருத்து இருந்தது. அதன் மேல்தான் அந்தப் பக்கம் கை வைத்தது.

கண்ணாடி குறைந்தால் நல்லது

அந்தக் கருத்து எனக்கு ஒரு பெரியவரிடமிருந்து வந்தது. நான் சனியை முதன்முதலில் பார்த்தது அவருடைய தொலைநோக்கியில்தான். “தம்பி, கிரகத்துக்கு ஆர்த்தோதான். உள்ளே கண்ணாடி கூடக்கூடப் படம் கலங்கும்” என்பார். அவர் சொன்னதைச் சோதிக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. அவர் கொடுத்த கூம்புத் தலை வைத்த பழைய 6 மி.மீ. குவியத் தூர ஆர்த்தோவில்தான் சனியின் வளையங்களுக்கு நடுவே உள்ள காசினி இடைவெளியை நான் முதலில் கண்டேன். அப்படி ஒரு பொருளோடு கணக்குப் பார்க்க மனம் வருவதில்லை.

அவர் சொன்னதற்குப் பின்னால் வலுவான காரணமும் இருந்தது. எர்ன்ஸ்ட் அபே 1880இல் வடிவமைத்த ஆர்த்தோஸ்கோபிக்கில் ஒட்டிய மூன்று லென்ஸ்களும் தனியாக ஒரு லென்ஸும்தான். காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் பரப்புகள் மொத்தம் நான்கு. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன் வியன்னாவில் கியோர்க் சைமன் ப்ளாசல் செய்ததிலும் இரண்டு ஜோடி லென்ஸ்கள், அதே நான்கு பரப்புகள். ஸ்டைன்ஹைலின் மோனோசென்ட்ரிக் இன்னும் சிக்கனம்: ஒட்டிய மூன்று கண்ணாடிகள், இரண்டே பரப்புகள். பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன் மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். நான்கு பரப்புகள் என்றால் 15 சதவீதம் போய்விடும். போவது மட்டுமல்ல, போனதில் ஒரு பங்கு உள்ளேயே அங்குமிங்கும் மோதிக் கடைசியில் நம் கண்ணுக்குத்தான் வரும். வியாழனைச் சுற்றி ஒரு மங்கல் திரையாக, அல்லது படத்துக்கு எதிர்த்திசையில் நகரும் பேய் உருவமாக. அந்தக் காலத்தில் ஒரு கண்ணாடியைக் குறைப்பது என்பது கிரகத்தின் முகத்திலிருந்து ஒரு திரையை விலக்குவது.

பிறகு பூச்சு வந்தது. 1935இல் ஜெர்மனியின் ஸைஸ் லென்ஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா எதிரொளிப்பைக் குறைக்கும் மெல்லிய பூச்சைக் கண்டுபிடித்தார். இன்றைய பலபடலப் பூச்சில் ஒரு பரப்பு திருப்பி அனுப்பும் ஒளி அரை சதவீதத்துக்குள் அடங்கிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பத்துப் பரப்புகள் உள்ள ஒரு நவீன ஐபீஸ் இழப்பது 5 சதவீதம். பூச்சில்லாத பழைய ஆர்த்தோ இழந்ததில் மூன்றில் ஒரு பங்கு. நல்ல பூச்சுள்ள ஆர்த்தோவோடு ஒப்பிட்டாலும் ஒளியளவில் வரும் வேறுபாடு மூன்று சதவீதம்தான். எந்தக் கண்ணும் அதைப் பிரித்தறியாது. பெரியவரின் விதி பிறந்த உலகில் அது முழு உண்மை. அந்த உலகம் மாறிய பிறகும் விதி மட்டும் மாறாமல் கைமாறி என்னிடம் வந்திருந்தது. கணக்கைப் போட்ட பிறகும் நான் அதை நம்பிக்கொண்டுதான் இருந்தேன். ஒளிச்சிதறல் என்பது பூச்சை மட்டும் பொறுத்ததல்ல, கண்ணாடியின் மெருகு, லென்ஸ் ஓரத்தில் பூசிய கறுப்பு, குழலின் உட்புறம் எல்லாவற்றையும் பொறுத்தது என்று எனக்கு நானே வாதம் வைத்துக்கொண்டேன். அந்த வாதம் தவறும் அல்ல.

ஒரே உருப்பெருக்கம், ஒரே வானம்

என்னிடம் இருப்பது 200 மி.மீ. ஆடி, 1200 மி.மீ. குவியத் தூரம் கொண்ட ஒரு டாப்சோனியன், எளிய தாங்கியில் நிற்கும் ஆடித் தொலைநோக்கி. மோட்டார் கிடையாது, கையால் தள்ள வேண்டும். 6 மி.மீ. ஐபீஸ் போட்டால் 200 மடங்கு உருப்பெருக்கம், கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் சரியாக 1 மி.மீ. வியாழனுக்கு இதுவே எனக்குப் பிடித்த அளவு. வானில் சூரியனுக்கு நேர் எதிரே நிற்கும் எதிர்நிலைக் காலத்தில் 45 ஆர்க் செகண்ட் (ஒரு டிகிரியில் 3600 ஆர்க் செகண்ட்) அகலத்தில் இருக்கும் வியாழன் 200 மடங்கில் இரண்டரை டிகிரிக்கு விரியும். வெறுங்கண்ணால் பார்க்கும் முழு நிலவைப் போல் ஐந்து மடங்கு. இதற்கு மேல் ஏற்றினால் வியாழனின் வெளிறிய நுணுக்கங்கள் கரையத் தொடங்கும். ஒளிக்கற்றை 0.7 மி.மீ.க்குக் கீழே போனால் என் கண்ணுக்குள் மிதக்கும் தூசிகள் கிரகத்தின் மேல் நீந்துவதும் தெரியும். சனியும் செவ்வாயும் இன்னும் கொஞ்சம் பொறுக்கும்.

ஐபீஸ்களை ஒப்பிட முதலில் உருப்பெருக்கம் ஒன்றாக இருக்க வேண்டும். இதைச் சொல்வதே அதிகப்படி என்று தோன்றும். ஆனால் 7 மி.மீ. ஒன்றையும் 5 மி.மீ. ஒன்றையும் மாற்றிப் போட்டுப் பார்த்து ‘அது கூர்மை, இது மங்கல்’ என்று சொல்பவர்களை எவ்வளவோ பார்த்திருக்கிறேன். உருப்பெருக்கம் குறைந்த படம் எப்போதும் கூர்மையாகத்தான் தெரியும். காற்றின் கலக்கமும் சேர்ந்துதானே சிறிதாகிறது! எனவே என் ஒப்பீட்டுக்கு இரண்டும் 6 மி.மீ.: ஒன்று, பெரியவரின் ஆர்த்தோ. கண்ணுக்குத் தெரியும் வட்டம், அதாவது புலம், ஏறத்தாழ 40 டிகிரி. கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவே உள்ள இடம், அதாவது ஐ ரிலீஃப், 5 மி.மீ. மட்டுமே. இன்னொன்று 72 டிகிரிப் புலமும் 20 மி.மீ. ஐ ரிலீஃபும் உள்ள நவீன ஐபீஸ். டெலோஸ், பென்டாக்ஸ் எக்ஸ்டபிள்யூ வரிசைகள் எல்லாம் இந்த இனம்தான். கனமானது, உள்ளே கண்ணாடிகள் ஆர்த்தோவைப் போல் இரு மடங்கு.

ஆடி வெளிக்காற்றின் வெப்பத்துக்கு வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் விடுவேன். கொலிமேஷன், அதாவது ஆடிகள் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று பார்ப்பேன். இந்த இரண்டையும் விட்டுவிட்டு ஐபீஸைக் குறை சொல்வது பெரும் பாவம். பிறகு வியாழனைப் புலத்தின் நடுவில் வைத்து அதைச் சுற்றியுள்ள வானம் எவ்வளவு கறுப்பு என்று பார்ப்பேன். மெல்ல ஓரத்துக்குக் கொண்டுபோவேன். பேய் உருவம் ஏதாவது எதிர்ப்பக்கம் ஓடுகிறதா? புலத்தை விட்டு ஒரு மயிரிழை வெளியே தள்ளினால் கிரகம் இருந்த பக்கம் ஒரு ஒளிக்கீற்று அடிக்கிறதா? அடித்தால் உள்ளே எங்கோ ஒரு லென்ஸ் ஓரம் சரியாகக் கறுப்பாக்கப்படவில்லை. ஓரத்திலும் கிரகத்தின் விளிம்பு சிதையாமல் இருக்கிறதா என்பது மோட்டார் உள்ளவர்களுக்கு முக்கியமில்லாமல் இருக்கலாம். என்னைப் போல் கையால் தள்ளுபவர்களுக்குக் கிரகம் முழுப் புலத்தையும் கடந்துதான் போகிறது.

இந்தச் சோதனைகளில் மிகப் பயனுள்ள ஒன்றை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, தடுமாறித்தான் கற்றேன். படத்தில் ஒரு குறை தெரிந்தால் ஐபீஸை அதன் குழாயிலேயே கால் சுற்று திருப்ப வேண்டும். குறையும் சேர்ந்து திரும்பினால் அது ஐபீஸின் குறை. திரும்பவில்லை என்றால் தலையைச் சாய்த்துப் பார்க்க வேண்டும். தலையோடு திரும்பினால் அது நம் கண்ணின் குறை. இரண்டுக்கும் அசையாமல் நின்றால் குறை தொலைநோக்கியிலோ வானத்திலோ இருக்கிறது. ஒரு பருவம் முழுக்க நவீன ஐபீஸில் வியாழனின் ஒரு விளிம்பில் நீலமும் எதிர் விளிம்பில் சிவப்பும் ஒழுகுவதாகக் குறித்து வைத்திருந்தேன், ‘கண்ணாடி கூடினால் இப்படித்தான்’ என்ற குறிப்போடு. ஒரு நாள் திருப்பிப் பார்த்தேன். நிறம் அசையவில்லை. தலையைச் சாய்த்தேன். அசையவில்லை. ஆர்த்தோவைப் போட்டால் அதிலும் அதே நீலம், அதே சிவப்பு, அதே பக்கம். அந்தப் பருவத்தில் வியாழன் தாழ்வாக இருந்தது. காற்று மண்டலமே ஒரு முப்பட்டகம் போல ஒளியைப் பிரித்துக்கொண்டிருந்தது. முப்பது டிகிரி உயரத்தில் நீலப் படமும் சிவப்புப் படமும் ஒரு ஆர்க் செகண்டுக்கு மேல் விலகி நிற்கும். 200 மி.மீ. ஆடி பிரித்துக் காட்டக்கூடிய நுணுக்கத்தின் எல்லை 0.58 ஆர்க் செகண்ட் என்றால், இது எவ்வளவு பெரிய கலப்படம் என்று பாருங்கள். ஆர்த்தோவிலும் அதே நிறம் இருந்ததை நான் பார்க்கவில்லை. அதில் தேடவில்லை, அதனால் பார்க்கவில்லை. இதை இன்று நினைத்தாலும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இன்னொன்றும் நடந்தது. நவீன ஐபீஸில் வியாழனைச் சுற்றி ஒரு பால் போன்ற மங்கல் இருப்பதாக மூன்று இரவுகள் தொடர்ந்து எழுதினேன். வியாழனின் நிலவான அயோ, கிரகத்தின் விளிம்பை விட்டுப் பிரிந்து வருவதை ஆர்த்தோவில் முன்னதாகவே பார்க்க முடிந்தது. இது நிச்சயம் ஒளிச்சிதறல்தான் என்று மகிழ்ச்சியோடு குறித்தேன். ஆம், மகிழ்ச்சியோடு. நாலாவது நாள் பகலில் ஐபீஸை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பார்த்தபோது கண் பக்கக் கண்ணாடியில் இமை மயிர்களின் எண்ணெய்த் தடம் வளைவாகப் படிந்திருந்தது. முதலில் தூசியை ஊதி எடுத்து, பஞ்சில் இரண்டு சொட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் விட்டு, நடுவிலிருந்து ஓரம் நோக்கி மெல்லத் துடைத்தேன். அன்றிரவு மங்கலில் பெரும்பகுதி காணாமல் போயிருந்தது. முழுதும் போகவில்லை. அந்தக் கொஞ்சத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

தரையில் பரப்பிய படங்கள்

என் கண்ணையே நம்ப முடியாதபோது எதை வைத்துச் சோதிப்பது? எந்த ஐபீஸ் என்று தெரியாமல் பார்க்க ஏற்பாடு செய்யலாம் என்று முதலில் நினைத்தேன். நடக்காது. கண்ணை வைத்த அடுத்த கணமே 5 மி.மீ. இடைவெளியும் சின்ன வட்டமும் ஆர்த்தோவைக் காட்டிக் கொடுத்துவிடும். பார்ப்பவனுக்கு மறைக்க முடியாது என்றால் தீர்ப்புச் சொல்பவருக்கு மறைக்கலாமே என்று தோன்றியது அப்போதுதான்.

ஒரு பருவம் முழுக்க இப்படிச் செய்தேன். வியாழன் முழு வட்டமல்ல, துருவங்களில் தட்டையானது. அந்த அளவில் ஓர் அச்சு செய்து, தாள்களில் வெற்று உருவங்களை வரைந்து வைத்துக்கொண்டேன். காற்று ஓரளவு அடங்கிய ஒவ்வோர் இரவும் இரண்டு படங்கள், ஓர் ஐபீஸுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பதினைந்து நிமிடம். அதற்கு மேல் நீட்டக் கூடாது. பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிடும் கிரகம் அது, பதினைந்து நிமிடத்தில் ஒன்பது டிகிரி திரும்பிவிடும். எது முதலில் என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்தேன். வரைந்து முடித்ததும் தாளின் பின்னால் ஒரு எண் மட்டும். எந்த எண் எந்த ஐபீஸ் என்பது குறிப்பேட்டில் தனியாக, அன்றைய என் கருத்தோடு. பதினொரு இரவுகள் கிடைத்தன. இருபத்திரண்டு படங்கள்.

அக்கா மகள் ஓவியம் படிப்பவள். தொலைநோக்கியில் அவளுக்கு ஆர்வமில்லை, வியாழனில் எது இழை, எது முட்டை என்பதும் தெரியாது. எனக்கு வேண்டியதும் அதுதான். படங்களைத் தரையில் ஜோடி ஜோடியாகப் பரப்பினேன், ஒரே இரவில் வரைந்தவை பக்கத்தில் பக்கத்தில். ஒவ்வொரு ஜோடியிலும் எதில் அதிகமாகப் பார்த்து வரைந்திருக்கிறது என்று மட்டும் சொல்லச் சொன்னேன். குனிந்து நெடுநேரம் பார்த்தாள். ஒரு ஜோடியில் இரண்டும் ஒன்றுதான் என்று விட்டுவிட்டாள். மற்றவற்றில் ஒவ்வொன்றாக எடுத்து என் பக்கம் நகர்த்தினாள். முடித்துவிட்டு, நான் கேட்காததையும் சொன்னாள்:

“மாமா, நான் எடுத்து வைக்காத படங்கள்ல கோடு எல்லாம் அழுத்தமா இருக்கு. ஆனா அவசரமா வரைஞ்ச மாதிரி இருக்கு. யாராவது பக்கத்துல நின்னு சீக்கிரம் சீக்கிரம்னு சொன்னாங்களா?”

“யாரும் இல்லம்மா. ரெண்டுக்கும் ஒரே நேரம்தான்.”

“அப்படித் தெரியலையே.”

அவள் போன பிறகு குறிப்பேட்டை எடுத்து எண்களைப் பொருத்தினேன். அவள் தேர்ந்தெடுத்த பத்தில் எட்டு, நவீன ஐபீஸில் வரைந்தவை. அந்த எட்டு இரவுகளில் ஆறு இரவு என் கையெழுத்தில் ‘ஆர்த்தோவே மேல்’ என்று இருந்தது. பதினொரு இரவு என்பது பெரிய எண்ணிக்கை அல்ல, அதை மறக்கவில்லை. ஆனால் என் மனச்சாய்வு முழுக்க ஆர்த்தோவின் பக்கம் இருந்தும் கை அதற்கு எதிராக வரைந்திருக்கிறது. நாணயத்தின் தயவில் நவீன ஐபீஸ் ஐந்து இரவு முதலிலும் ஆறு இரவு இரண்டாவதாகவும் வந்திருந்ததால் கண் பழகியதுதான் காரணம் என்றும் தட்டிக்கழிக்க முடியவில்லை. எனக்குத் தூக்கம் வராமல் செய்தது எட்டு என்ற எண் அல்ல. அவள் சொன்ன ‘அவசரம்’ என்ற சொல். அது எங்கிருந்து வந்தது?

அவசரம் எங்கிருந்து வந்தது

அடுத்த தெளிந்த இரவில் நான் வரையவில்லை. நான் என்ன செய்கிறேன் என்பதை மட்டும் கவனித்தேன். 40 டிகிரிப் புலத்தை 200 மடங்கில் வைத்தால் வானத்தில் அது 12 ஆர்க் நிமிடம். வானம் நொடிக்கு ஏறத்தாழ 15 ஆர்க் செகண்ட் நகர்கிறது. எனவே வியாழன் ஆர்த்தோவின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போக 48 நொடி. 72 டிகிரியில் 86 நொடி. பதினைந்து நிமிடத்துக்குக் கணக்குப் போட்டால் ஆர்த்தோவில் பத்தொன்பது தடவையாவது குழலைத் தள்ள வேண்டும், நவீனத்தில் பத்துப் பதினொன்று. ஒவ்வொரு தள்ளலுக்குப் பிறகும் படம் நடுங்கி அடங்க இரண்டு மூன்று நொடி. அடங்கிய பிறகு கண் மறுபடி இடம் பிடிக்க ஒரு நொடி. இது மட்டும்தான் என்றால் பரவாயில்லை. ஆர்த்தோவில் இமை கண்ணாடியைத் தொடும். தொட்டால் இமைப்போம். கண்ணின் ஈரம் கண்ணாடியில் ஆவியாகப் படியும், தலையை எடுத்து விலகி, அது மறையக் காத்திருந்து, மீண்டும் குனிய வேண்டும். கழுத்து இறுகும். கழுத்து இறுகும்போது பார்வையும் இறுகும்.

இதெல்லாம் வெறும் சௌகரியம், ஒளியியலுக்கு இதில் என்ன வேலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கிரகம் பார்த்துப் பழகியவர்களுக்குத் தெரியும், வியாழன் எப்போதும் ஒரே மாதிரி தெரிவதில்லை. பெரும்பாலான நேரம் ஓடும் நீருக்கு அடியில் கிடக்கும் நாணயம் போல் அலையும். பிறகு, சொல்லாமல் கொள்ளாமல், அரை நொடி, ஒரு நொடி, அதிர்ஷ்டமிருந்தால் மூன்று நொடி, நீர் நின்றுவிடும். இழைகள், முட்டைகள், பட்டைகளின் கிழிந்த ஓரங்கள் அத்தனையும் அந்த ஒரு நொடியில்தான் வரும். போய்விடும். நாம் வரைவதெல்லாம் அந்த நொடிகளின் தொகுப்புதான். அது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வரும்போது கண் அங்கே இருக்க வேண்டும், நடுங்காத படத்தின் முன், இமைக்காமல். ஆர்த்தோவில் நான் தள்ளிக்கொண்டும் துடைத்துக்கொண்டும் இருந்தபோது வந்து போன நொடிகள் எத்தனையோ!

அப்படியென்றால் குறிப்பேட்டில் நான் எழுதிய ‘கூர்மை அதிகம்’? அதுவும் உண்மை என்றுதான் இன்றும் சொல்வேன். ஐபீஸை மாற்றிப் போட்டதும் முதல் பத்து நொடியில் வரும் எண்ணம் அது. ஆர்த்தோவின் சின்ன வட்டத்தில் வானம் கறுப்பு, கிரகத்தின் விளிம்பு கத்தியால் நறுக்கியது போல் இருக்கும், நிறத்தில் ஒரு சுத்தம் இருக்கும். பழைய பரிச்சயமும் அதில் சேர்ந்திருக்கலாம். அந்தப் பத்து நொடியில் மனம் தீர்ப்பை எழுதிவிடும். பிறகு வரும் மீதி நேரத்தில் கை வேறொன்றை எழுதிக்கொண்டிருக்கும். நாம் ஐபீஸ் வாங்கும்போதும், நண்பர்களின் தொலைநோக்கியில் மாற்றி மாற்றிப் பார்க்கும்போதும் பெரும்பாலும் பத்து நொடிச் சோதனையைத்தான் செய்கிறோம்.

நவீன ஐபீஸை நான் தலையில் தூக்கி வைக்கவில்லை. 20 மி.மீ. ஐ ரிலீஃப் உள்ளவற்றில் கண்ணை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் முதல் சில இரவுகள் படம் திடீரெனக் கறுத்துப் போகும். கண் கோப்பையின் உயரத்தைச் சரியாக நிறுத்திக்கொண்ட பிறகுதான் அது அடங்கியது. கனம் அதிகம், லேசான குழல்களில் சமநிலை கெடும். தள்ளலில்லாத சீரான ஓட்டம் கிடைத்தால் கதையே மாறும். வானத்தின் ஓட்டத்தைத் தானே பின்தொடரும், மோட்டார் வைத்த இக்வடோரியல் தாங்கியுள்ள நண்பர் ஒருவரின் தொலைநோக்கியில் இதே இரண்டையும் இரண்டு இரவு பார்த்தேன். தள்ளும் வேலை இல்லாதபோது புலத்தின் அகலம் ஒரு பொருட்டே அல்ல. இமையும் ஆவியும் மட்டும்தான் மிச்சம். அங்கே இரண்டு ஐபீஸ்களுக்கும் இடையே எனக்குத் தெரிந்த வித்தியாசம் வெகுவாகச் சுருங்கிவிட்டது. எனவே கிரகத்துக்கு எது நல்ல ஐபீஸ் என்று கேட்பவர்களிடம் இப்போது நான் முதலில் திருப்பிக் கேட்பது, குழலைக் கையால் தள்ளுகிறீர்களா என்பதைத்தான். அடுத்து, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பார்ப்பவரா என்று. ஒளிக்கற்றை 1 மி.மீ. அளவுக்குச் சுருங்கும்போது கண்ணின் சிலிண்டர் பிழை பெரும்பாலும் தெரியாமல் போய்விடும், கண்ணாடியைக் கழற்றிவிட்டே பலரும் பார்க்கலாம். கழற்ற முடியாதவர்களுக்கு 5 மி.மீ. இடைவெளி என்பது மூடிய கதவு. நீண்ட ஐ ரிலீஃபுள்ள குறுங்குவிய ஐபீஸ் கிடைக்காதவர்களுக்கு 12 மி.மீ. ப்ளாசலும், உருப்பெருக்கத்தை இரட்டிப்பாக்கும் ஒரு நல்ல பார்லோ லென்ஸும் போதும். உருப்பெருக்கம் 6 மி.மீ.க்கு உரியது, கண்ணுக்குக் கிடைக்கும் இடமோ 12 மி.மீ.க்கு உரியது. இரண்டு கண்ணாலும் பார்க்கும் பைனோவியூவரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் தனிக் கட்டுரையாகிவிடும்.

மிச்சமிருந்த மங்கல்

துடைத்த பிறகும் போகாத அந்தக் கொஞ்சம் மங்கலுக்கு வருகிறேன். அது உண்மையானது. வியாழனின் முகத்தில் அதனால் எதுவும் மறையவில்லை. கிரகத்துக்கு மிக அருகில் ஒரு மங்கலான புள்ளியைத் தேடும்போதுதான் அது தெரியும். சனிக்கு அருகிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் அதன் நிலவான என்செலடஸ் 12ஆம் ஒளித்தரத்தை நெருங்கும் ஒரு மிக மெல்லிய பொட்டு. காற்று நன்றாக அடங்கிய ஓர் இரவில் ஆர்த்தோவில் அது இருந்தது. ஐபீஸை மாற்றினேன், இல்லை. மறுபடி ஆர்த்தோ, இருந்தது. மூன்று தடவை மாற்றினேன், மூன்று தடவையும் அதேதான். பெரியவர் சொன்னது இந்த இடத்தில் அப்படியே நிற்கிறது. அவரிடம் இதைச் சொன்னேன், தரையில் பரப்பிய படங்களைப் பற்றியும் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அந்தப் படங்களை ஒருநாள் கொண்டு வா தம்பி, பார்க்கணும்” என்றார். கொண்டுபோனேன். எண்களைக் கேட்காமலே ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு படத்தில் இழைகளின் மேல் விரலை வைத்து, “இதை நான் என் வாழ்நாளில் நாலைந்து தடவைதான் இவ்வளவு தெளிவாகப் பார்த்திருக்கேன்” என்றார். தாளைத் திருப்பி எண்ணைப் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வியாழன் ஒரு கிரகம்தான். இதே சோதனையைச் சனியில் செய்யாமல் விட மனமில்லை. 2025 மார்ச்சில் சனியின் வளையங்கள் விளிம்பாகத் திரும்பின. அப்போது காசினி இடைவெளி என்ற பேச்சுக்கே இடமில்லை. இனி ஆண்டுக்கு ஆண்டு வளையம் விரியும், 2032 வாக்கில் முழு அகலத்தில் நிற்கும். அகலமான பருவத்திலும் அந்த இடைவெளி ஓர் ஆர்க் செகண்டை எட்டாது. ஆனாலும் கறுப்புக்கும் வெளுப்புக்கும் இடையிலான கூரிய கோடு அது, வியாழனின் வெளிறிய இழைகளைப் போல் அல்ல. பொறுமைக்குப் பதில் கூர்மை வெல்லும் களம் அதுவாக இருக்கலாம். இல்லாமலும் போகலாம். சாய்வு மாறிக்கொண்டே இருப்பதால் சனிக்கு ஒவ்வோர் ஆண்டும் புது அச்சு வேண்டும். இந்தப் பருவத்துக்கான நீள்வட்டங்களை இருபத்திநாலு தாள்களில் வரைந்து, பின்பக்கம் எண் போட்டு வைத்துவிட்டேன். பெட்டியில் ஐபீஸ்கள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, நாணயமும் அங்கேதான் இருக்கிறது.